ஒன்பது வளைவுப் பாலமும் நமது வரலாறும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. நீளம் சுமார் 300 அடி, உயரம் 80 அடி. கல், செங்கல், சீமெந்து கொண்டு 1921இல் கட்டி முடித்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அதன்மேல் கோச்சி ஓடுகிறது. படம் எடுக்க உலகமே வருகிறது.

இந்தப் பாதை யாருக்காக வந்தது? கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் 1867இல் கண்டிவரை ரயில் போட்டார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பாதை இன்னும் மேலேறி 1924இல் பதுளையைத் தொட்டது. மலைநாட்டு ரயில் பாதை வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள் பெருந்தொகையாக உழைத்தார்கள். அந்தப் பாதையில் இறங்கிய தேயிலையும் நம்மவர்கள் பறித்த கொழுந்துதான்.

1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது பாலத்துக்கு வயது 27. பாலம் நாட்டின் சொத்தாக இருந்தது. அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பாலத்தைக் காக்க வேண்டும். அதில் பெயர் கிறுக்குவதையும் கல்லைப் பெயர்ப்பதையும் நம் பிள்ளைகளே தடுக்க வேண்டும். பழைய கட்டடங்களைக் காக்க 1940இலிருந்தே தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் நம் லயமும், பிள்ளைக் காம்பராவும், முன்னோரின் புதைகுழியும் யார் கணக்கில் இருக்கின்றன?

லயத்தைக் காப்பது என்றால் இன்னும் நூறு வருடம் அதிலேயே கிடப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குத் தனி வீடும், உறுதிப் பத்திரத்தோடு காணியும் வேண்டும். அந்தக் கோரிக்கையில் விட்டுக்கொடுப்பு இல்லை. எல்லோரும் புது வீட்டுக்குப் போன பிறகு, ஒரு லயத்தையாவது நினைவுக்காக வைத்திருக்க வேண்டும். கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அப்படித்தான் பழைய லயத்தில் இயங்குகிறது.

ஆகவே ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி போடுங்கள். தோட்டத்திலுள்ள பழைய பாலம், லயம், கோயில், மயானம் எல்லாவற்றையும் குறியுங்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள துண்டு, பற்றுச்சீட்டு, படங்களை எரித்துவிடாதீர்கள். வயதான தாய்மார் சொல்வதை மாதர் சங்கத்தினர் எழுதி வையுங்கள். படித்த பிள்ளைகள் உதவட்டும்.

பாலத்தைப் பார்க்க வருபவர்கள் அதைச் சுற்றியுள்ள மலைகளில் உழைத்தவர்களையும் தெரிந்துகொண்டு போகட்டும். அதை நாம்தான் எழுத வேண்டும்.