ஆற்றின் கடைசி அணை: ஸ்ரீவைகுண்டம் என்னும் ஊர்



ரஷ்யாவின் சிறு மாவட்ட நகரங்கள் பலவற்றில், அந்தந்த ஊரின் மண், ஆறு, தொழில், மனிதர் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பொருநை என்னும் தாமிரபரணியின் கரையிலுள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதை ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கலாம் என்று சொல்லவே இங்கே நிற்கிறேன்.

ஸ்ரீவைகுண்டம் என்றதும் நமக்கு நவதிருப்பதியும் கள்ளபிரானும் நினைவுக்கு வருவர். அடுத்து, இங்கே பிறந்த குமரகுருபரர். இந்தப் பெருமைகள் நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. பத்திரப்படுத்தாமல் விட்டது தண்ணீரின் கதையை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழும் பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை ஆங்கிலேயர் காலத்தில், 1870-களில் பயனுக்கு வந்தது. மருதூரைத் தாண்டிய வெள்ளம் வீணே கடலுக்குப் போகிறதே என்று கலெக்டர் பக்கிள் அதற்காக முனைந்து நின்றார். அணையிலிருந்து வடகால் தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம்வரை போகிறது. தென்கால் கடம்பாகுளத்துக்குப் போகிறது. வழியில் எத்தனையோ குளங்கள் நிரம்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குத் தண்ணீர் தருகின்றன. எட்டில் இதுவே கடைசி. மேலே ஏழு அணைக்காரர்களும் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் இங்கே வரும். கார் பருவத்தில் தண்ணீர் எட்டாமல் போனால் முதலில் காய்வது கடைமடை வயல். மழை மிஞ்சினால் முதலில் மூழ்குவதும் அதுவே. இந்த ஊரின் பூகோளத்தை இந்த ஒரு நிலையிலிருந்தே விளக்கிவிடலாம்.

அணைக்குள் மண் மேடேறி, அமலைச்செடி படர்ந்து, தேக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தூர்வார உத்தரவிடும் வரை போக வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுக் கட்டுமானத்தைக் காக்க வழக்காட வேண்டி வந்ததை எண்ணினால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஊருக்குள் இன்னொரு கட்டுமானமும் இருந்தது. கோட்டைப் பிள்ளைமாரின் மண்கோட்டை. அந்தக் குலத்துப் பெண்கள் பிறந்து, மணந்து, மூப்படைந்து, வாழ்நாள் முழுவதையும் மதிலுக்குள்ளேயே கழித்தார்கள். உறவல்லாத ஆண்கள் உள்ளே நுழைய முடியாது. அந்த வாழ்க்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முடிந்தது. மானிடவியலாளர் கமலா கணேஷ் இவர்களைப் பற்றி 1993-இல் ஒரு நூலே எழுதினார். இந்தக் கோட்டை வாழ்க்கையைத் தமிழ்நாட்டின் விந்தை என்று காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ தலைமுறைப் பெண்கள், நடந்து போகும் தொலைவில் ஓடிய பொருநையில் ஒருமுறையும் இறங்கிக் குளித்ததில்லை. ஊர் வரலாறு எழுதுவோர் மதிலை அளக்கும்போது அந்தப் பெண்களின் காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆற்றின் தென்கரையில், முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜாகர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்குப் போயின. அகழ்ந்த இடத்திலேயே பொருள்களைப் பார்க்க 2023-இல்தான் வழி பிறந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுவரை தங்கள் ஊர்த் தாழியைக் காணச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது.

அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தென்கரையில் புதுக்குடிப் பக்கம் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வெள்ளம். நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். வடகால் போய்ச் சேரும் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியே தத்தளித்தது.

ஆகவே அந்த அருங்காட்சியகத்துக்கு முதல் படியாக உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். 1992 வெள்ளமும் 2023 வெள்ளமும் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறின என்று தெரு தெருவாகக் குறித்து வையுங்கள். மடை திறந்து நீர் பாய்ச்சிய முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கோட்டைக்குள் பிறந்த பெண்களில் பேச விரும்புவோரைக் கண்டு கேளுங்கள். இந்த மூன்றையும் இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும். நினைவு வைத்திருப்பவர்கள் வயதானவர்கள்.