நிலத்தைப் படிக்கும் படிப்பு

 

நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கிறீர்கள். ரேஷன் கார்டில் உள்ள பெயரைச் சரி பார்க்கிறீர்கள். கைநாட்டு வைத்த கை இன்று கையெழுத்துப் போடுகிறது. இது பெரிய காரியம்.

படிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் வரைபடம்.

உங்கள் வீடு ஒரு வரைபடத்தில் இருக்கிறது. வயல் இருக்கிறது. குளமும் பாதையும் சுடுகாடும் இருக்கின்றன. வரைபடத்தில் கோடு தள்ளிப் போனால், காகிதத்தில் உங்கள் நிலமும் தள்ளிப் போகும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவரே கேள்வி கேட்க முடியும்.

வரைபடம் வரைவது ஒரு தொழில். அதைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு தொழில். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிலில் இடம் உண்டு. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

வரைபடத்தை எப்படிப் படிப்பது?

வரைபடம் என்பது மேலே இருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்த படம். பெரும்பாலும் படத்தின் மேல் பக்கம் வடக்கு. கீழ்ப் பக்கம் தெற்கு. வலது கை கிழக்கு. இடது கை மேற்கு.

இந்திய நில அளவைத் துறை என்ற மத்திய அரசுத் துறை 1767ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தத் துறை வெளியிடும் படங்களில் நீல நிறம் நீரைக் காட்டும். பச்சை நிறம் காட்டைக் காட்டும். மஞ்சள் நிறம் பயிர் நிலத்தைக் காட்டும்.

ஊர் பெரியது. காகிதம் சிறியது. அதனால் ஊரைச் சுருக்கி வரைகிறார்கள். எவ்வளவு சுருக்கினார்கள் என்பதைப் படத்திலேயே எழுதியிருப்பார்கள். அதற்கு அளவுத்திட்டம் என்று பெயர். ஒரு படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இரண்டு ஊருக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இருக்கிறது. தரையில் எவ்வளவு தூரம்? 4 தடவை 500. ஆக 2,000 மீட்டர். அதாவது 2 கிலோமீட்டர். கணக்கு அவ்வளவுதான்.

காலால் அளந்த ஆசிரியர்

இமயமலையில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில், மிலம் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே 1830ஆம் ஆண்டு பிறந்தவர் நைன் சிங் ராவத். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். 1863ஆம் ஆண்டு டேராடூனில் நில அளவைப் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. திபெத்துக்குள் வெள்ளைக்காரர் போக முடியாது. அதனால் நைன் சிங்கை அனுப்பினார்கள். அவர் யாத்திரை போகிறவர் போல, வியாபாரி போல வேடம் போட்டுப் போனார்.

கையில் சங்கிலி கிடையாது. அளவு நாடா கிடையாது. காலடியே அளவுகோல். ஒரே அளவாக அடி வைத்து நடக்கப் பயிற்சி எடுத்திருந்தார். சுமார் 2,000 அடி வைத்தால் ஒரு மைல். கையில் ஒரு ஜபமாலை. வழக்கமான மாலையில் 108 மணி இருக்கும். அவர் மாலையில் 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி. அதாவது சுமார் 5 மைல். பார்ப்பவர்களுக்கு அவர் மந்திரம் சொல்வது போல் தோன்றும். அவரோ தூரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்!

1866ஆம் ஆண்டு அவர் லாசா நகரை அடைந்தார். அந்த நகரம் பூமியில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார். 1877ஆம் ஆண்டு லண்டன் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பின்னாளில் அவர் மற்றவர்களுக்கும் இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்.

நைன் சிங்கின் திறமை பெரியது. ஆனால் அவர் அளந்த கணக்கு யார் கைக்குப் போனது? ஆட்சியாளர் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் வரைபடம் ஆள்பவருக்கு உரியது. உழுபவர் அதைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை.

மக்களே வரைந்த படம்

இனி கேரளத்துக்கு வருவோம். 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் பெரிய கூட்டம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று அங்கே அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி.

எழுத்து வந்தாயிற்று. அடுத்து என்ன? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு ஒரு வேலையைத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் துணைக்கு வந்தது. ஊர்த் தொண்டர்களுக்கு வரைபடப் பயிற்சி கொடுத்தார்கள்.

தொண்டர்கள் நில அளவைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக, வயல் வயலாக நடந்தார்கள். எங்கே நெல்? எங்கே தென்னை? எங்கே தரிசு? எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறது? எல்லாவற்றையும் குறித்தார்கள். மண்ணின் தன்மையை அறிவியலாளர்கள் குறித்தார்கள். கண்ணூர் மாவட்டத்தில் உள்ள கல்லியாசேரி பஞ்சாயத்து இதில் பெயர் பெற்றது.

இதனால் என்ன பயன்? குளம் எங்கே வெட்டுவது, பாதை எங்கே போடுவது என்று மக்கள் படத்தை விரித்து வைத்துப் பேச முடிந்தது. 1996ஆம் ஆண்டு கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு இந்த அனுபவம் கைகொடுத்தது.

ஜி.ஐ.எஸ். என்றால் என்ன?

இன்று வரைபடம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. அதற்குப் புவித் தகவல் முறை என்று பெயர். சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? சில கண்ணாடித் தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் ஊரின் வீடுகளை மட்டும் வரையுங்கள். இன்னொன்றில் ஓடை, குளம். மூன்றாவதில் மேடு, பள்ளம். நான்காவதில் பாதை. இப்போது நான்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். ஓடை ஓரத்தில், பள்ளத்தில் எந்தெந்த வீடுகள் இருக்கின்றன என்று பளிச்செனத் தெரியும். வெள்ளம் வந்தால் யாரை முதலில் வெளியேற்ற வேண்டும்? எந்தப் பாதையில் அழைத்துப் போக வேண்டும்? படமே சொல்லும். கம்ப்யூட்டர் இதை நொடியில் செய்கிறது.

இதற்கான தகவல் பல வழிகளில் வருகிறது. பூமியைப் படம் எடுக்கும் நம் நாட்டின் முதல் முழுப் பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள், ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17ஆம் நாள் விண்ணில் ஏறியது. இப்போது ட்ரோன் என்ற ஆளில்லாத சிறு விமானமும் படம் எடுக்கிறது. ஆனாலும் மனிதர் நேரில் நடந்து பார்த்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். குளம் மேலிருந்து தெரியும். அந்தக் குளத்தின் பெயர் ஊராருக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேளுங்கள்

2020 ஏப்ரல் 24ஆம் நாள் மத்திய அரசு ஸ்வாமித்வா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் வீட்டு மனைகளை ட்ரோன் மூலம் படம் எடுத்து, சொத்து அட்டை வழங்கும் திட்டம் இது. முதலில் மனையின் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். பிறகு ட்ரோன் பறக்கிறது. படம் தயாரானதும் ஊராருக்குக் காட்டுகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அதன் பிறகே அட்டை.

இங்கேதான் கவனம் வேண்டும். கோடு போடும் நாளில் வீட்டில் இருங்கள். படத்தைக் காட்டும் நாளில் போய்ப் பாருங்கள். உங்கள் மனை எது, வாசல் எந்தப் பக்கம், பொதுப் பாதை எங்கே என்று விரல் வைத்துத் தேடுங்கள். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். காலம் கடந்த பின் அலைவதைவிட, கோட்டைச் சுண்ணாம்பாக இருக்கும்போதே திருத்துவது எளிது.

பிள்ளைகள் என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் சர்வேயர் படிப்பில் சேரலாம். கட்டட வரைவாளர் படிப்பும் உண்டு. அது 2 ஆண்டுப் படிப்பு. கணக்கும் அறிவியலும் நன்றாக வர வேண்டும். வெயிலில் நடக்கத் தயங்கக் கூடாது. பெண் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம்.

கல்லூரி வரை படிக்க முடிந்தவர்களுக்கு வழிகள் பல. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் புவித் தகவலியல் பாடம் உண்டு. அந்தக் கல்லூரியே 1794ஆம் ஆண்டு 8 மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான்! டேராடூனில் 1966ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. அது வீட்டிலிருந்தே கட்டணம் இல்லாமல் படிக்கும் இணைய வகுப்புகளையும் நடத்துகிறது. ஐதராபாத்தில் நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் இலவசம். யாரும் பழகலாம்.

2021ஆம் ஆண்டு மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது. முன்பு பல வேலைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். இப்போது இந்தியர் நடத்தும் நிறுவனங்கள் பெரும்பாலான படங்களை முன் அனுமதி இல்லாமல் தயாரிக்கலாம். எனவே வேலை அரசு அலுவலகத்தில் மட்டும் இல்லை. சாலை, மின்சாரம், குடிநீர், விவசாயம், காடு என்று எங்கும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "மூன்று மாதப் படிப்பு, வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் இருப்பார்கள். அரசு அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். முன்பு அங்கே படித்தவர்களைப் பார்த்துப் பேசுங்கள். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

செய்து பாருங்கள்

வரைபடம் சொல்லிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். கோலமாவு போதும். புள்ளி வைத்துக் கோலம் போடும் கைக்கு இது புதிதல்ல. வகுப்பில் பத்துப் பேர் சேருங்கள். தரையில் வடக்குத் திசையைக் குறியுங்கள். உங்கள் தெருவை வரையுங்கள். வீடு, கிணறு, பள்ளி, கடை என்று ஒவ்வொன்றாக வையுங்கள். பத்து அடி நடந்தால் ஒரு சாண் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் வரைந்த படத்தையும் ஆண்கள் வரைந்த படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாயையும் விறகு எடுக்கும் இடத்தையும் யார் மறக்காமல் வைத்தார்கள்? டீக்கடையை யார் முதலில் வைத்தார்கள்? சிரிப்பும் வரும். சிந்தனையும் வரும். ஊருக்கு எது தேவை என்ற பேச்சு அங்கேதான் பிறக்கும். பிறகு அந்தப் படத்தைத் தாளில் எழுதி, கிராம சபைக்குக் கொண்டு போங்கள்.