புதிய முதலீடும் தாராவியின் உலைகளும்

(மாட்டுங்கா லேபர் கேம்ப் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வாகனச் சந்தைக்கும், அதைச் சார்ந்த எஃகு, அலுமினியம், செம்பு ஆகியவற்றுக்கும் நற்காலம் பிறந்துவிட்டதாக வணிக ஏடுகள் எழுதின. எத்தனை கார்கள் விற்கும் என்பதை அவை கணிக்கும். காரின் உலோகம் யார் கைகளைக் கடந்து வருகிறது என்பது அக்கணிப்பில் இடம்பெறுவதில்லை.

இன்ஜின் பாகங்கள் பலவும் பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கப்படுபவை. தாதுவிலிருந்து எடுப்பதற்கான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே இதற்குப் போதும். எனவேதான் பெருமூலதனத்தின் பார்வை பழைய உலோகத்தின்மீது விழுந்துள்ளது. ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று அது பெயர் சூட்டியிருப்பதைத் தாராவி பல பத்தாண்டுகளாகப் ‘பங்கார்’ என்ற ஒற்றைச் சொல்லில் நடத்தி வருகிறது. மும்பையின் குப்பையில் பொறுக்கப்பட்ட டப்பாக்களும் உடைந்த பாத்திரங்களும் தரகரின் எடைத்தட்டைக் கடந்து பட்டறைகளை அடைகின்றன. அங்கே தரம் பிரித்து, உலையிலிட்டு, கசடு நீக்கிப் பாளமாக வார்க்கிறார்கள். முகக்கவசமில்லை, கையுறையில்லை, இஎஸ்ஐ என்ற பேச்சே இல்லை. விலை மட்டும் லண்டன் உலோகச் சந்தையைப் பின்பற்றுகிறது. அங்கே சரிந்தால், இங்கே பொறுக்கும் பெண்ணுக்குக் கிலோவுக்குக் கிடைப்பது மறுநாளே குறைகிறது. அங்கே ஏறினால், ஏற்றம் தரகரோடு நின்றுவிடுகிறது.

அலுமினியம், செம்பு, துத்தநாகக் கழிவுகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டன. பதிவு பெற்ற ஆலைகளுக்கே அதில் இடம். புகைக்கு வக்காலத்து வாங்குவது கட்சியின் வேலையன்று. அப்புகை முதலில் நிரப்புவது தொழிலாளியின் நுரையீரலைத்தான். ஆனால் நாளை இடிக்கப்படவிருக்கும் பட்டறை எந்த முகவரியைக் காட்டிப் பதிவு செய்யும்?

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்திடம் சென்றது. 2024 மார்ச்சில் அதே குழுமம் குஜராத்தின் முந்த்ராவில், ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள செம்பு உருக்காலையை இயக்கத் தொடங்கியது. அங்கே உலை முதலீடு எனப்படுகிறது. இங்கே அது ஆக்கிரமிப்பு. தகுதியற்றோருக்கான வாடகை வீடுகளுக்கெனச் செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்நகருக்கு இது புதிதன்று. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலையில் பிறந்த பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் சாலையைவிட்டு அகன்றபோது ஏடுகள் பக்கம் பக்கமாக உருகின. அக்காரைச் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர் சிலரே. அதே குர்லாவில், மூடப்பட்டுக் கிடந்த கமானி டியூப்ஸ் செம்புக்குழாய் ஆலையை 1988இல் உச்சநீதிமன்ற ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு ஏற்று, மறு ஆண்டு இயக்கியது. நடைமுறை மூலதனமின்றிச் சில ஆண்டுகளில் அது நலிந்தது உண்மையே. ஆனால் ஆலையை நடத்தத் தெரியாதவர்கள் என்ற பழி அவர்கள்மீது ஒட்டாது.

பட்டறையிலேயே வேலை செய்து அங்கேயே உறங்கும் இளைஞர் குடியிருப்போர் பட்டியலில் சேர்வாரா, உரிமையாளர் பட்டியலில் சேர்வாரா? இரண்டிலும் விடுபடும் ஆபத்து உள்ளது. சந்து சந்தாக, உலை உலையாக அவர்களது பெயர், பணியாற்றிய ஆண்டுகள், கூலி ஆகியவற்றைக் கிளைகள் எழுதத் தொடங்க வேண்டும். புகைபோக்கியுள்ள பொது உலை, கூட்டுறவின் பெயரில் பதிவு, தாராவிக்குள்ளேயே இடம் என்னும் கோரிக்கைகள் அப்பட்டியலோடு மாநில அரசின்முன் வைக்கப்படும்.