மருதமரத்துக் கிளையிலிருந்து ஒரு பாய்ச்சல்



புறநானூற்றின் 243ஆம் பாட்டை வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தக் கிழவர் ஏன் இவ்வளவு கவலைப்படுறார்? ஆசையெண்டால் இன்னொருக்கால் போய்க் குதிக்கிறதுதானே?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, முதுமை, நிலையாமை என்று வழக்கமான விளக்கங்களைச் சொல்லி மணியடிக்கும்வரை சமாளித்தேன். அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அண்மையில் பழைய நண்பர்கள் நால்வர் கூடிக் கழித்த ஒரு சனி, ஞாயிறு அந்தக் கேள்வியை மறுபடி என் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது.

பாட்டை முதலில் நினைவுபடுத்துகிறேன். ஊன்றுகோலும் கையுமாக நடுங்கும் ஒரு கிழவர் தம் சிறுபிராயத்தை எண்ணுகிறார். மணலிற் பாவை செய்து பூச்சூட்டி விளையாடியது, குளத்தில் பெண்களோடு கைகோத்து ஆடியது, கள்ளங் கபடம் தெரியாத தோழர்களோடு நீர்த்துறையில் நின்ற மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் வாய்பிளந்து பார்க்க ஆழமான மடுவுக்குள் பாய்ந்தது, பாய்ந்ததற்குச் சாட்சியாக அடியிலிருந்து மணல் அள்ளி வந்தது எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. இப்போதோ இருமலுக்கிடையில் இரண்டொரு சொல்தான் வாயிலிருந்து வருகிறது. புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் அந்தக் கோலே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். இந்தப் பாட்டுக்குத் துறை வகுத்தவர்கள் இதைக் கையறுநிலை என்றார்கள். கையறுநிலை இறந்தவரை நினைத்துப் புலம்புவது. இங்கே இறந்தது எந்த அரசன் என்று தேடினால் ஒருவரும் இல்லை. ஒரு சிறுவன்தான் இல்லாமற் போயிருக்கிறான்.

இனி நண்பர்களுக்கு வருகிறேன். ஒருவர் திருகோணமலைக் கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பவர். மற்றவர் மூதூரில் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் ஐந்தாம் வகுப்புவரை எங்களோடு ஒரே வாங்கில் இருந்துவிட்டு, 1990இல் தாயோடு இந்தியாவுக்குப் படகேறி, பிறகு கனடா போய்ச் சேர்ந்தவர். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறார். அவருடைய தாய்வழி ஊர் இலங்கைத்துறை முகத்துவாரம். 1989இல் ஒரு விடுமுறைக்கு என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். முகத்துவாரத்தில் ஒரு பாறை இருந்தது. பெரிய பெடியன்கள் அதிலிருந்து கழிக்குள் குதிப்பார்கள். நாங்களும் குதிக்கப் போனபோது அவருடைய அப்பப்பா மறித்துவிட்டார். இல்லை, அம்மாவின் தகப்பன். அவர் சொல்லும் முறையில் அம்மப்பா. "இப்ப வேணா மனே, அடுத்த லீவுக்குக் குதிக்கலாம்" என்றார். அடுத்த லீவு வரவில்லை.

சனிக்கிழமை மாலை நால்வரும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவின் பக்கத்தில் நின்றோம். கீழே 300 அடிக்கு மேல் ஆழத்தில் கடல். அந்த இடத்தில் நின்றால் குதித்தவர்களின் கதை தானாக வரும். 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்தக் கல்வெட்டுத் தூண் ஒன்று அங்கே உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயர் அதில் இருக்கிறது. காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் அவள் இந்த உச்சியிலிருந்து பாய்ந்தாள் என்று வெள்ளைக்காரர் எழுதிவைத்தார்கள். அவள் பின்னர் மணஞ்செய்து வாழ்ந்தாள் என்று ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் ஊர் அந்தக் கதையை விடுவதாக இல்லை.

நம்முடைய இலக்கியத்திலும் உயரத்திலிருந்து பாய்வது பெரும்பாலும் உயிரை விடுவதற்குத்தான். குறுந்தொகை 69இல் துணையை இழந்த மந்தி, மரமேறத் தெரியாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்கிறது. அருணகிரிநாதர் வாழ்வை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழ, முருகன் தாங்கிக்கொண்டான் என்பது கர்ணபரம்பரை. அந்த அருணகிரியார் திருக்கோணமலைக்கும் திருப்புகழ் பாடியவர். அநுமன் பாய்ந்தான் என்றால் அது தூது. கம்பனின் சுந்தர காண்டம் அந்தத் தாவலோடுதான் தொடங்குகிறது. இவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணமே இல்லாமல், சும்மா சந்தோசத்துக்குப் பாய்ந்தவன் என் வாசிப்புக்கு எட்டியவரையில் அந்த மருதமரத்துச் சிறுவன்தான்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்க, கனடா நண்பர் மெதுவாக, "மச்சான், நானும் அப்பிடி ஒருக்கால் குதிச்சனான்" என்றார். எங்கே என்று கேட்டோம். ஆகாயத்தைக் காட்டினார்.

அதை அங்கே வைத்து அவர் சொல்லவில்லை. இரவு உப்புவெளிக் கடற்கரையில், மீன் பொரியலும் பைலாப் பாட்டுமாகக் கொஞ்சம் கூத்தடித்த பிறகுதான் சொன்னார். அந்தக் கூத்தை முழுவதுமாக விபரிப்பது ஓர் ஆசிரியனுக்கு அழகல்ல. கச்சேரி நண்பர் ஆடினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூதூர் நண்பர் இஞ்சித் தேநீரோடு சாட்சியாக இருந்தார்.

ஒரு வார இறுதியில் வேலைத்தள நண்பர்களோடு ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடலுக்குப் போயிருக்கிறார். முதன்முறை குதிப்பவரைத் தனியே விடுவதில்லை. பழகிய ஒருவரோடு முதுகும் மார்புமாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பரசூட் அந்த மற்றவருடைய முதுகில் இருக்கும். எது நடந்தாலும் யாரும் பொறுப்பில்லை என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவைத் திறப்பார்கள். பரசூட் விரியும்வரை ஏறக்குறைய ஒரு நிமிடம், மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் விழவேண்டும். அதற்கு மேல் வேகம் கூடாதாம். உடம்பின் பாரத்துக்குச் சமமாகக் காற்று எதிர்த்துத் தள்ளுவதால் ஒரே வேகத்தில் நிலைத்துவிடும்.

"பயமா இருந்ததா?" என்று கேட்டேன்.

"விழுற மாதிரியே இல்லை மச்சான். காத்து மெத்தையில படுத்த மாதிரி. பயம் அதுக்கு முதல்தான். கதவைத் திறக்கக்குள்ள அந்த எஞ்சின் சத்தம் வந்துது பார், எனக்கு மேகம் தெரியல்ல. பங்கர்தான் தெரிஞ்சுது."

நாங்கள் ஒருவரும் பேசவில்லை. விளங்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வயதுக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தது பட்டம் விடுவதற்காக அல்ல. நாங்கள் கண்ட முதல் பரசூட், பரா வெளிச்சத்தைத் தாங்கி வந்த சிறிய வெள்ளைச் சீலை. இரவிலே அது எங்கோ ஒரு மூலையில் எரிந்துகொண்டு தொங்கும். ஊர் முழுக்கப் பகலாகிவிடும். முற்றத்து முருங்கையின் நிழல் சுவரில் மெல்ல நகரும். ஒரு காலையில் வேலியில் சிக்கிக் கிடந்த அந்தச் சீலையை நான் எடுத்துவந்தேன். நல்ல வழுவழுப்பான துணி. அதை விறகுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். சுற்றிவளைப்பில் கண்டால் வீட்டுக்கே ஆபத்து என்று அம்மா அடுப்பில் வைத்துவிட்டார். அது எரிந்தபோது வந்த மணத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பரசூட்டின் உலகக் கதையே வேறு. 1797இல் கார்னெறின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்தின் மேலே பலூனிலிருந்து அதில் இறங்கினார். ஊஞ்சல்போல் ஆடி ஆடி, பார்த்த சனங்கள் அலற வந்து சேர்ந்தார். இந்தியாவின் சீதள் மகாஜன் 2004இல் தன் வாழ்க்கையின் முதற் குதிப்பையே வடதுருவத்துப் பனியின் மேல் குதித்தார். நினைத்தாலே எனக்குக் குளிர்கிறது.

ஆனால் எங்கள் ஊர்க் கடலுக்கு இந்த விடயத்தில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. விண்வெளிக் கதைகளை எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் தோழர் மைக் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். விண்வெளியில் பாரமற்று மிதப்பது எப்படி இருக்கும் என்பதை அறிய, பூமியில் அதற்கு மிகக் கிட்டிய இடம் கடலின் அடிதான் என்பது அவருடைய எண்ணம். ஆகாயத்தில் குதிக்க முடியாதவர் தண்ணீருக்குள் குதித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். இதே சுவாமி மலையின் அடியில் அவர்கள் சுழியோடியபோது, 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் கற்களும் கண்ணிற் பட்டன. வில்சன் கண்டெடுத்த லிங்கம் மீளக் கட்டப்பட்ட கோயிலில் இருக்கிறது. அந்தப் பயணங்களைக் கிளார்க் 1957இல் ஒரு நூலாக்கினார். மடுவின் அடியிலிருந்து மணல் அள்ளி வந்த சிறுவனைப்போல இவர்களும் ஒன்றை அள்ளிக்கொண்டுதான் மேலே வந்தார்கள். வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். கிளார்க்கை இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவு முடக்கியது. கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியிற் கழித்து, 2008இல் கொழும்பில் மறைந்தார்.

கனடா நண்பர் சொன்னவற்றில் என்னை அலைக்கழித்தது கடைசியில் வந்த ஒரு பேச்சுத்தான். பரசூட் விரிந்ததும் சத்தமெல்லாம் நின்றுபோய், நாலைந்து நிமிடம் அப்படியொரு அமைதியாம். கீழே வந்து காலூன்றியதும் பின்னால் கட்டப்பட்டிருந்தவர் முதுகில் தட்டிப் பாராட்டினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம்.

"நல்ல ஆக்கள்தான் மச்சான். ஆனா நான் அண்ணாந்து பாத்து யாரையோ தேடினன். அம்மப்பா குதிக்க வேணா எண்டு சொன்னது அங்க ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

அப்போதுதான் அந்த மாணவனின் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. கிழவருக்கு வயதாகிவிட்டது என்பது பாதிப் பதில்தான். பாட்டில் மரக்கிளை மட்டுமா இருக்கிறது? கபடமற்ற தோழர்கள் இருக்கிறார்கள். கரையில் நின்று வியந்தவர்கள் இருக்கிறார்கள். கிழவர் எப்படியோ இன்னொருமுறை மரத்தில் ஏறினாலும் அந்தக் கரை வெறுமையாக அல்லவா இருக்கும்? இத்தனை வருடம் படிப்பித்தும் நான் குதித்தவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்றவர்களைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை மூதூர் நண்பரின் வானில் இலங்கைத்துறைக்குப் புறப்பட்டோம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் வான் ஏறியபோது கனடா நண்பர் "பாதை எங்க?" என்று கேட்டார். வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதை போய்ப் பாலம் வந்தது அவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. மூதூர் கடந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் திரும்பியபின் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 2006இல் அந்தப் பகுதிச் சனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள். திரும்பி வந்தவர்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மப்பாவின் வளவில் வீடு இல்லை. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தார், தண்ணீர் இருந்தது.

முகத்துவாரத்தில் பாறை இருந்தது. நான் நினைத்திருந்த அளவுக்கு உயரமில்லை. ஒரு பனையின் பாதிகூட வராது. நாலைந்து பெடியன்கள் அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் கனடா நண்பரை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, தாயின் பெயரைச் சொல்லி, "நீ அவட மகனா மனே?" என்று கேட்டார். நண்பர் தலையாட்டினார். வேறு ஒன்றும் சொல்ல அவரால் முடியவில்லை.

பிறகு உடுப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினார். 13,000 அடியில் குதித்த மனிதர் பதினைந்து அடியில் நின்று தயங்குகிறார். "முதலை இருக்கா அப்பு?" என்று மேலிருந்து ஒரு கேள்வி. "இருந்தாலும் உன்னத் திண்டு முடிக்க ஏலாது. குதி மனே" என்றார் முதியவர். பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கச்சேரி நண்பர் விசிலடித்தார். நான் சேட்டோடும் கண்ணாடியோடும் கரையில் நின்றேன். குதிக்க எனக்கும் ஆசைதான், முழங்கால் இடந்தரவில்லை.

முதல்முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை நெடுநேரம் தலை தெரியவில்லை. முதியவர்கூட வலையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பிறகு ஒரு கை மட்டும் மேலே வந்தது, முட்டி பிடித்தபடி. கரைக்கு வந்து கையை விரித்தார். மணலில்லை, கறுத்த சேறு. உப்புத் தண்ணீர் தொண்டையில் ஏறி இருமிக்கொண்டே எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இருமலுக்கிடையில் அது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்தச் சேற்றை ஒரு தண்ணீர்ப் போத்தலில் போட்டு மூடிக்கொண்டார். விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை.