கூரைக்குள் மறைந்திருக்கும் காணிக்கை

(வடலூரில் கூடிய ஆதரவாளர்களுக்கு ஆற்றிய உரை)



நெருப்பைப்பற்றி இந்த ஊராருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தருமச்சாலையில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறது. பக்கத்து நெய்வேலியிலோ, குவித்துவைத்த பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும். ஆகையால் தண்ணீர் தெளித்துக் காவல் காக்கிறார்கள். காவல் இருந்தால் நெருப்பு சோறு போடும். காவல் தவறினால் ஊரையே எரிக்கும்.

எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கும் வீடுதான் ஆஸ்பத்திரி. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். வாகனம் நிறுத்த வேண்டிய நிலவறையில் சாமான்களை அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறியது. நோயாளிகளில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டார்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். சென்ட்ரிங் பலகை, பெயிண்ட், தின்னர், வெல்டிங் பொறி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அணைக்க வேண்டிய குழாய் மட்டும் பாதி வழியில் நிற்கும். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில், பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. சாரத்தில் கட்டிய வலையும் ஜன்னல்களை மூடிய நுரைப் பலகையும் தீயைப் பரப்பின. 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே வேலையும் குடியிருப்பும் ஒன்றாக இருந்தன. புதுப் பிரிவு கட்டும் ஆஸ்பத்திரியின் நிலையும் அதுதான். சுவருக்கு அந்தப்பக்கம் நோயாளிகள் இருக்கிறார்கள்.

15 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்கு, கட்டும்போதே 20,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தளம் ஏற ஏறத் தீயணைப்புக் குழாயும் கூடவே ஏற வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங்க்ளர். அதன் முனையில் சிறு கண்ணாடிக் குமிழ் உண்டு. வழக்கமான சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் உடையும். உடைந்த முனையில் மட்டுமே தண்ணீர் கொட்டும். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லா முனைகளும் ஒருசேரத் திறப்பதில்லை. ஆனால் பெயிண்டர் குமிழின்மேல் வர்ணம் பூசிவிட்டாலோ, பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்தாலோ, வால்வு மூடிக் கிடந்தாலோ, அது வெறும் அலங்காரமே. வர்ணம் பட்ட முனையைத் துடைத்தால் போதாது, மாற்றியே ஆகவேண்டும்.

ஆகவே கட்டடம் பார்க்க வரும்போது நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கை மூடுமுன் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்களா? மின்சாரம் நின்றால் பம்பு ஓடுமா? வெல்டிங் முடிந்தபின் அங்கே ஒருவர் காவல் இருந்து பார்க்கிறாரா?

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கட்டிலுக்குக் கொடுத்தால் அதில் பெயர் எழுதலாம். அறைக்குக் கொடுத்தால் வாசலில் கல் பதிக்கலாம். கூரைக்குள் மறைந்துபோகும் குழாயில் யார் பெயரையும் எழுத முடியாது. அதனாலேயே அதற்குக் கொடுக்க ஆள் குறைவு. பணம் போதாதபோது முதலில் தள்ளிப்போடப்படுவதும் அதுவே. அப்படித் தள்ளிப்போட நாம் இடம் கொடுக்கக்கூடாது. சோதனை முடியுமுன் திறப்புவிழாவுக்குத் தேதி கேட்டு நெருக்கவும் வேண்டாம். விழா ஒரு மாதம் தாமதித்தால் அழைப்பிதழை மறுபடியும் அச்சிடலாம். போன உயிரைத் திரும்பப் பெற முடியாது.