கண்மாய்க்குள் களை எது, காவல் எது?

(ஆயக்கட்டு விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம கண்மாயைச் சுத்தம் பண்ண ஒப்பந்தம் விடப்போகிறார்களாம். சந்தோசம். பத்து வருசமாக மனு மேல் மனு கொடுத்து நாம் கேட்டதுதான். ஆனால் எஸ்டிமேட்டை வாங்கிப் படித்தபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீர்ச்செடிகள் அத்தனையையும் அகற்றுவது, இதுதான் வேலை. ஆகாயத்தாமரைக்கு மருந்தடிப்பார்களாம். தாமரை, அல்லி, சம்பு, கோரை எல்லாவற்றையும் பொக்லைன் வைத்து வழித்துவிடுவார்களாம். டவுனிலிருந்து வரத்துக்காலில் இறங்குகிற சாக்கடையைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

வயலில் களையெடுக்கிற நம் தாய்மார்களுக்குப் பயிர் எது, புல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கண்மாய்க்குள்ளும் அப்படித்தான். பயிரும் உண்டு, களையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பிடுங்குகிறவன் விவசாயி இல்லை.

கண்மாயில் நாலு வகைச் செடி இருக்கிறது.

முதல் வகை கரையோரச் செடி. சம்பு, கோரை, நாணல். வேர் சேற்றில், தலை வெளியே. காத்து அடிக்கிற மாசத்தில் அலை வந்து கரையில் மோதாமல் தடுப்பது இதுதான். வேர் மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழைத் தண்ணீர் அடித்து வருகிற வண்டலை நடுக் கண்மாய்க்குப் போகவிடாமல் ஓரத்திலேயே நிறுத்துகிறது. நம் வயலிலிருந்து கழுவி வருகிற உரச்சத்தையும் கொஞ்சம் குடித்துக்கொள்கிறது. கோரையை அறுத்துப் பாய் முடைந்து பிழைத்த குடும்பங்களும் உண்டு.

இரண்டாவது வகை, வேர் தரையிலும் இலை தண்ணீர் மேலும் இருப்பது. தாமரை, அல்லி, கொட்டி. இலை நிழலில் தண்ணீர் சூடேறாது. பச்சைப்பாசி கண்டபடி படராது. மீன் குஞ்சுக்கு ஒதுங்க இடம். தாமரைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரொம்ப ஆழத்தில் அது வேர் பிடிக்காது. கண்மாயைத் தூர்வாரி ஆழமாக வைத்திருந்தால் தாமரை தன் எல்லையிலேயே நிற்கும். கண்மாய் மேடாகிப் போனால்தான் முழுக்கப் படரும். தாமரை பெருகினால் தப்பு தாமரை மேல் இல்லை, தூர்வாராத கை மேல்.

மூன்றாவது, தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிற வேலம்பாசி வகை. பகலில் வெயில் பட்டால் தண்ணீருக்குள் பிராணவாயு விடுவது இது. மீன் முட்டை ஒட்டுவதும் இதில்தான். அளவுக்கு மிஞ்சினால் மடையை அடைக்கும். அப்போது வாரி எடுக்க வேண்டியதுதான்.

நாலாவது, மிதக்கும் செடி. இதிலும் நல்லது உண்டு. அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசி காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. நெல் வயலுக்கு உரம், மாட்டுக்குத் தீவனம். ஆனால் நம் கண்மாயை மூடிக் கிடப்பது அது இல்லை, ஆகாயத்தாமரை.

இது நம்ம ஊர்ச் செடியே இல்லை. தென் அமெரிக்காவில் இருந்து பூவுக்காகக் கொண்டுவந்தது. 1890களில் வங்காளத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. சத்துள்ள தண்ணீரும் வெயிலும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சென்ட் என்றால், இரண்டு வாரத்தில் இரண்டு சென்ட், நாலு வாரத்தில் நாலு சென்ட், பதினாலு வாரத்தில் 128 சென்ட். ஒண்ணேகால் ஏக்கருக்கு மேலே! விதை சேற்றுக்குள் இருபது வருசம் வரைக்கும் உயிரோடு கிடக்கும்.

அது மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. கீழே இருக்கிற செடி சாகும். பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம். தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கும். கலுங்கிலும் மடையிலும் போய் அடைக்கும். தலைமடைக்காரர் எப்படியோ சமாளிப்பார். கடைமடைக்காரர் கதி என்ன?

இதைத்தான் நாமும் எதிர்க்கிறோம். ஆனால் மருந்தடித்துக் கொல்லச் சம்மதிக்க மாட்டோம். ஏன்? அத்தனை செடியும் ஒரே நேரத்தில் செத்து, முங்கி, அழுகினால் மிச்சமிருக்கிற பிராணவாயுவும் போய்விடும். சேறு இன்னும் ஏறும். 2,4-டி போன்ற மருந்து காற்றில் பறந்து வந்தால் பருத்தியும் தக்காளியும் சுருண்டு போகும். இந்தத் தண்ணீரைத்தான் நம் மாடு குடிக்கிறது.

சாக்கடையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? சாக்கடைதான் ஆகாயத்தாமரைக்குப் போடுகிற யூரியா. பெங்களூர் பெல்லந்தூர் ஏரியைப் பாருங்கள். ஊர்க் கழிவை இறக்கி இறக்கி, 2015இல் நுரை ரோட்டுக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் ஏரியே தீப்பிடித்துப் புகைந்தது. தண்ணீர் எரியுமா என்று கேட்பார்கள். கெடுத்தால் எரியும்.

அதேநேரம் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். யூரியாவை அள்ளிக் கொட்டி, மழையில் கண்மாய்க்குக் கழுவி அனுப்புவது யார்? முன்பு ஒரு தடவை நாமே சேர்ந்து ஆகாயத்தாமரையை அள்ளினோமே, ஞாபகம் இருக்கிறதா? அள்ளி எங்கே போட்டோம்? கரையின் உள்சரிவில். அடுத்த மழையில் பாதி திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டது. பட்ட பாடெல்லாம் வீண். அது நம் தப்பு. மறைக்க வேண்டியதில்லை, திருத்த வேண்டியது.

நெய்வேலி காட்டாமணக்கையும் சொல்லியாக வேண்டும். ஆடு மாட்டுக்கு விஷம். வெட்டிப் போட்ட துண்டு ஈரம் பட்டால் அங்கேயே வேர்விடும். அதனால் மேலோடு அறுத்துவிட்டு பில் போடுகிற வேலை செல்லாது. வேரோடு எடுத்து, காயவைத்து, எரிக்க வேண்டும்.

செடியும் மரமும் தண்ணீரைக் கெடுக்கும் என்று சொல்கிற அதிகாரிகளை வேடந்தாங்கலுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் பறவை கூடு கட்டுகிறது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. அது தெரிந்துதான் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்தார்கள்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் சுமார் 39 ஆயிரம். அதில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள சுமார் 14 ஆயிரம், முன்பு பொதுப்பணித்துறையிடம் இருந்து இப்போது நீர்வளத்துறையிடம் இருக்கிறது. மீதி ஊராட்சி ஒன்றியங்களிடம். நம் மனு மட்டும் யாரிடமும் இல்லை! இந்த ஆபீசில் கேட்டால் அந்த ஆபீஸ் என்கிறார்கள். 2022இல் அரசே அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்குக் கொள்கை வெளியிட்டது. நாம் கேட்பதும் அதேதான். அயல் செடியை அகற்று, நம்ம செடியை மீட்டுக் கொடு.

நமது கோரிக்கைகள்:

1. வரத்துக்காலில் சாக்கடை இறங்குவதை முதலில் நிறுத்து. அதற்குப் பிறகு செடியில் கை வை.

2. மருந்தடிக்காதே. ஆகாயத்தாமரையைப் பூப்பதற்கு முன்பே ஆளும் இயந்திரமும் வைத்து வாரி, கரைக்கு வெளிப்பக்கம் கொட்டு. உள்ளூர் ஆட்களுக்கே வேலை கொடு.

3. கரையோரச் சம்பு, கோரையில் மடை, கலுங்கு முன்னால் இருப்பதை மட்டும் எடு. தாமரை, அல்லிக்கு ஒரு பகுதியை ஒதுக்கு.

4. வண்டலை எடுக்கும் விவசாயியை அலைக்கழிக்காதே. 2024இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்து.

5. எஸ்டிமேட்டையும் பில்லையும் கிராமசபையில் படித்துக் காட்டு.

நம் பங்குக்கு: வாரிய செடி நூறு கிலோ என்றால் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். வாடவிட்டு, சாணிக் கரைசல் விட்டு, குழியில் மக்கவைத்தால் சாம்பல் சத்துள்ள உரம். ஆனால் பட்டறைக் கழிவு கலக்கிற மூலையில் எடுத்ததை வயலுக்குப் போடாதீர்கள். விஷ உலோகத்தையும் அது உறிஞ்சி வைத்திருக்கும். மாசம் ஒருநாள் மடைக்கு ஒரு ஆள் வந்து, புதிதாக முளைத்ததைப் பிடுங்க வேண்டும். ஒரு சென்ட்டில் பிடுங்குவது லேசு. ஒண்ணேகால் ஏக்கரான பிறகு அழுது பிரயோசனம் இல்லை.

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மடைக்குப் பத்துப் பேர் வாருங்கள். ஒரு கையில் மனு. மறு கையில் இரண்டு செடி: ஒரு ஆகாயத்தாமரை, ஒரு சம்பு. மேசை மேல் வைத்து, இதில் களை எது, காவல் எது என்று கேட்போம். பதில் சொல்லத் தெரியாதவர்கள் நம் கண்மாயில் பொக்லைன் இறக்க நாம் விடப்போவதில்லை.

சாக்கடையைத் தடுப்போம்! ஆகாயத்தாமரையை ஒழிப்போம்!
தாமரையைக் காப்போம்! கடைமடைக்குத் தண்ணீர் சேர்ப்போம்!