செடியை மரமாக்கலாம்

வாசலில் இடம் கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு பூமரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செம்பருத்திச் செடியையே சின்ன மரமாக வளர்த்துவிடலாம்.

எப்படி?

நேரான தண்டுள்ள இளஞ்செடியாகப் பார்த்து நடுங்கள். பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றி, வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால், தண்டு பருக்கும்போது கட்டு பட்டையை அறுத்துவிடும். பக்கவாட்டில் வரும் துளிர்களைக் கிள்ளிவிடுங்கள். ஆனால் தண்டிலேயே இருக்கிற இலைகளைத் தொடாதீர்கள். தண்டு பருக்க உணவு தயாரிப்பவை அவைதான்.

செடி நாலடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். நுனி மொட்டில் சுரக்கிற ஆக்சின் என்ற ஹார்மோன்தான் கீழ் மொட்டுகளைத் துளிர்க்கவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை கிளைவிடும். அந்தக் கிளைகளில் நாலைந்து இலை வந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். உச்சி குடைபோல விரியும். செம்பருத்தி புதுத் துளிரில்தான் பூக்கும். ஆகவே கிளைகள் பெருகப் பெருகப் பூவும் பெருகும்.

காகிதப்பூ, நந்தியாவட்டை இரண்டையும் இதே முறையில் வளர்க்கலாம். அடித்தண்டில் முளைக்கிற துளிர்களை மட்டும் தொடர்ந்து அகற்ற வேண்டும். விட்டால் மறுபடியும் புதராகிவிடும்.

மரம் உருவாக ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். பொறுமையாக இருங்கள். வருகிற மழைக்காலத்தில் ஒரு செடியில் தொடங்கிப் பாருங்கள்.